காலிக் கட்டம் பொறுக்காதவர்

காலியாக இருக்கும் கட்டத்தைப் பார்த்தால் மனம் பொறுக்காதவர்கள் என்று ஒரு இனம் இருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பல் மருத்துவரிடம் போனால், நாற்காலியில் உட்காருவதற்குள் கையில் கொடுத்த தாளை நிரப்பி முடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் இன்னும் நிரப்பாத தாளை ஓரக்கண்ணால் பார்த்துப் பெருமூச்சு விடுபவர்கள் இவர்கள்தான். விமானத்தில் யாரோ பாதியில் விட்டுப்போன குறுக்கெழுத்தை முடித்து வைத்துவிட்டு இறங்குபவர்கள், உணவகத்தில் “எங்கள் சேவை எப்படி இருந்தது?” என்று கேட்கும் அட்டைக்கு, கேட்டவனே எதிர்பார்க்காத நீளத்தில் பதில் எழுதி, ‘பின்பக்கம் பார்க்கவும்’ என்று அம்புக்குறியும் போட்டு வைப்பவர்கள், வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போடாத ஒரே ஆளைத் தேடிக் கட்டடம் முழுக்க அலைபவர்கள். ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை என்றால், மறந்துவிட்டீர்கள் என்றுதான் இவர்கள் நினைப்பார்கள். சொல்ல விருப்பமில்லை என்றும் ஒரு பதில் உலகத்தில் இருக்கலாம் என்பது இவர்களுக்குத் தோன்றாது. எப்படித் தோன்றும்? அதற்கென்று ஒரு கட்டம் போடவில்லையே.

எந்த மண்ணிலும் முளைக்கும் இனம்தான். ஆனாலும் அரசுக் கல்லூரிகளின் ஊழியர் நல அலுவலகத்தில் வளர்வதுபோல வேறெங்கும் செழித்து வளர்வதில்லை. வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே, கோதுமை மேடுகளுக்கு நடுவில் இருக்கிற பைன்ரிட்ஜ் சமுதாயக் கல்லூரியில் இந்த இனத்தின் மிக உயர்ந்த மாதிரி ஒன்று இருந்தது. பெயர் மார்லிஸ் ஹோவ்லண்ட். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். கம்பளிச் சட்டையின் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று நீலம். இன்னொன்று, நீலம் பிடிக்காது என்று யாரும் தப்பித்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காகக் கறுப்பு.

கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த இனத்தில் கெட்டவர்களே கிடையாது. தொந்தரவே அதுதான்.

அவருடைய வேலை, கல்லூரியில் சம்பளம் வாங்கும் ஒவ்வொருவருடைய மருத்துவக் காப்பீட்டுக்கும் கல்லூரி எவ்வளவு போடுகிறது, ஊழியரின் சம்பளத்தில் எவ்வளவு பிடிப்பது என்று பார்ப்பது. இது மட்டும் என்றால் ஒரு கணிப்பொறி போதும். ஆனால் மாநிலம் மார்லிஸுக்கென்றே இரண்டு கூடுதல் கட்டணங்களைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. உங்கள் கணவனோ மனைவியோ தன் வேலையிடத்துக் காப்பீட்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டு உங்கள் திட்டத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு கட்டணம். உங்கள் திட்டத்தில் இருக்கிற யாராவது சமீபத்தில் புகையிலையைத் தொட்டிருந்தால் இன்னொன்று. ஒவ்வொரு நவம்பரிலும் இரண்டுக்கும் ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று கட்டத்தில் குறித்துக் கொடுக்க வேண்டும்.

யாரும் வந்து உங்கள் வாயை முகர்ந்து பார்ப்பதில்லை. ரத்தம் எடுப்பதில்லை. நீங்கள் ‘இல்லை’ என்றால் இல்லைதான், மாநிலம் உங்கள் சொல்லை அப்படியே நம்பும். ‘ஆமாம்’ என்றால் மாதாமாதம் சம்பளத்தில் இருபத்தைந்து டாலர் போகும். கூடவே உங்கள் வீட்டு முகவரிக்குக் குடும்பத்தார் அனைவர் பெயரும் போட்டு ஒரு கடிதமும், புகையை விட்டொழிப்பது எப்படி என்று சிரித்த முகங்கள் அச்சிட்ட கையேடு ஒன்றும் வரும். ஒன்றுமே குறிக்காமல் விட்டாலோ? கடிதம் வராது, கையேடு வராது. பணம் மட்டும் போகும். வாய் திறக்காதவரைப் புகைப்பவர் கணக்கில் சேர்த்துவிடுவது மாநிலத்தின் வழக்கம்.

இதில் மார்லிஸுக்குப் பொறுக்காதது அந்தக் கடைசி வகைதான். புகைத்துவிட்டு ‘ஆமாம்’ என்று குறிப்பவர்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் கிடையாது. “குடிங்க, குடிக்காதீங்க, அது உங்க நுரையீரல். ஆனா சொல்லிடுங்க” என்பார். அவர் நீதிபதி அல்ல. தாள் வாங்குகிறவர்.

அக்டோபர் கடைசியில் எல்லாருடைய அஞ்சல் பெட்டியிலும் ஒரு மஞ்சள் தாள் கிடக்கும். அதற்கு அசையாதவர்களுக்கு இளஞ்சிவப்புத் தாள், அதன் மேல் ஒரு வெண்ணெய் மிட்டாய் ஒட்டியிருக்கும். மிட்டாயைத் தின்றுவிட்டுத் தாளை மறந்தவர்களுக்குத் தொலைபேசி. தொலைபேசியை எடுக்காதவர்களுக்கு, காலைப் பனியில், வாகன நிறுத்தத்தில், மார்லிஸே. காரின் கண்ணாடியை இறக்கியதும் மூன்று வாக்கியங்கள் வரும். எப்போதும் அதே மூன்று, அதே வரிசையில். “சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான்.” “ஒரே நிமிஷ வேலை.” “ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி.” இந்த மூன்றாவதைச் சொல்லும்போது அவர் குரலில் இருக்கும் கனிவைக் கேட்டால், எதையாவது ஒப்புக்கொள்ளலாம் போல இருக்கும், செய்யாததைக்கூட.

சந்தேகம் கேட்டு வருபவர்களுக்கும் குறைவில்லை. வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஒருமுறை வந்து மேசை ஓரத்தில் நின்றார்.

“பேரன் பொறந்தான்னு ஒரு சுருட்டு, மார்லிஸ். அதுவும் பாதிதான்.”

“பாதியும் சேத்திதான்.”

“இழுக்கலங்க. சும்மா வாயில வெச்சிட்டிருந்தேன்.”

“பத்த வெச்சீங்களா?”

“நான் வெக்கல. மச்சான் வெச்சுட்டான்.”

“அப்ப ஆமா” என்று மார்லிஸ் கறுப்புப் பேனாவை நீட்டினார். ஆசிரியர் குறித்துவிட்டுப் போனார். பேரன் பிறந்த சந்தோஷம் முகத்தில் பாதியாகக் குறைந்திருந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாங்கிய தாளில் இருப்பதை மார்லிஸ் ஒருவரிடமும் மூச்சுவிட மாட்டார். எதிர் மேசையில் சம்பளப் பட்டியல் போடும் கோர்டி பெல்ட்ஸ் காபி எடுக்க எழுந்தால்கூட, கையில் இருக்கும் தாளைக் கவிழ்த்து வைப்பார். பிடித்தத்தைப் போடப்போவதே கோர்டிதான் என்பது வேறு விஷயம்.

எல்லாரும் ஏதோ ஒரு நிலையில் மசிந்துவிடுவார்கள். மிட்டாயில் இல்லாவிட்டால் பனியில். மசியாத ஒரே ஆள் ஹாலிஸ் பென்ரோஸ்.

ஹாலிஸ், டீசல் எஞ்சின் பழுதுபார்ப்பதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர். சண்டைக்காரர் அல்ல. தாளைக் குறித்த நாளில் கொடுத்துவிடுவார். பெயர், முகவரி, மனைவி பெயர் டோரீன், எல்லாம் அழகான பெரிய எழுத்தில். மனைவி வீட்டிலேயே நாய்களுக்கு முடி வெட்டிக் குளிப்பாட்டும் தொழில் செய்கிறவர், அவருக்கு வேறு காப்பீடு கிடையாது, ஆகவே முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று குறி. இரண்டாவது கேள்விக்கு ஒன்றும் இல்லை. வெள்ளை. வருடா வருடம் வெள்ளை.

அந்த ஆள் புகைத்தால் தொலைகிறது என்று விட்டுவிடலாம். புகைப்பதில்லையே. சிகரெட்டோடு நிற்கிற மாணவனைப் பட்டறை வாசலிலிருந்து கோதுமைக் கொல்லை வரைக்கும் விரட்டுகிற மனிதர். புகை பட்டால் இருமல் வந்து கண் சிவந்துவிடும். ஊருக்கே தெரியும். ஆக, ஒரு குற்றமும் செய்யாத மனிதரின் சம்பளத்தில், மார்லிஸின் அலுவலகம், மார்லிஸின் கண் முன்னால், மாதாமாதம் கை வைக்கிறது. மார்லிஸுக்குச் சோறு எப்படி இறங்கும்?

“அவன் சம்பளம், அவன் காசு. உனக்கு எங்க வலிக்குது?” என்றார் கோர்டி.

“தெரியாம போகுது, கோர்டி.”

“சம்பளச் சீட்டுல வருது. அவன் படிக்கத் தெரிஞ்ச ஆளுதான்.”

“யாரு சம்பளச் சீட்டப் படிக்கறாங்க?”

“அம்மா தாயே, நான் அடிக்கறதே மத்தவங்க படிக்கத்தான்.”

கல்லூரியில் பல கருத்துகள் உலவின. ஹாலிஸ் கொள்கைக்காரர், அரசாங்கம் தன் மூச்சை விசாரிப்பது பிடிக்கவில்லை என்றனர் சிலர். கஞ்சத்தனத்தின் எதிர்ப்பக்கம் என்று ஒன்று உண்டு, அந்த நோய் வந்திருக்கிறது என்றனர் சிலர். மார்லிஸ் எதையும் நம்பவில்லை. மறதி. அவ்வளவுதான். மறதிக்கு மருந்து ஞாபகப்படுத்துவது. அது அவரிடம் நிறையவே இருந்தது.

அந்த வருடமும் நவம்பர் முடியப்போகிற வாரம் வந்தது. எல்லாத் தாளும் வந்துவிட்டது. எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, ஒன்றைத் தவிர. மார்லிஸ் இளஞ்சிவப்புத் தாளோடு பட்டறைக்கே நடந்தார். ஒரு பெரிய லாரி எஞ்சினுக்கு அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அந்தப் பூட்ஸோடு பேசினார்.

“ஹாலிஸ், சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான்.”

“வாங்க அம்மணி. இந்த வருஷம் என்ன, கொஞ்சம் லேட்டு?”

“ஒரே நிமிஷ வேலை.”

“தெரியும்.”

“ஆமான்னாலும் சரி, இல்லைன்னாலும்...”

“சரி. அதுவும் தெரியும்.” எஞ்சினுக்கு அடியில் ஏதோ ஒரு திருகு இறுகும் சத்தம் கேட்டது. “பிடிக்கறத நான் தடுத்தேனா? மாசாமாசம் பிடிச்சுக்கறீங்க, நானும் பேசாம இருக்கேன். கட்டறவன விட்டுட்டு, கட்டாதவன் யாருன்னு பாருங்களேன்.”

“கட்டாதவங்க யாருமே இல்ல, ஹாலிஸ்.”

“அப்ப வேல முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்க.”

“நீங்க கட்ட வேண்டியதே இல்லன்னுதான் சொல்றேன். ‘இல்லை’ன்னு ஒரு குறி. குனிஞ்சு பேனா நீட்டறேன், படுத்தமேனிக்கே போடுங்க.”

எஞ்சினுக்கு அடியில் இன்னொரு திருகு இறுகியது.

“அது அப்படியே இருக்கட்டும், அம்மணி” என்றது பூட்ஸ். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் மார்லிஸ் திரும்பியிருப்பார். கோபம் இல்லாத மறுப்பு, மறுப்பு என்று இந்த இனத்துக்கு விளங்காது. எண்ணெய்க் கையோடு இருக்கிறார், இன்னொரு நேரம் பார்க்கலாம் என்று புரிந்துகொண்டு மார்லிஸ் திரும்பினார்.

இன்னொரு நேரம் அந்தச் சனிக்கிழமையே வந்தது. லுத்தரன் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நார்வேக்காரர்களின் கருவாட்டு விருந்து. சாம்பல் கரைத்த காரநீரில் ஊறி வழவழவென்று கண்ணாடிபோல ஆகிவிட்ட அந்த மீனை, பிடித்தவர்கள் ஒரு தட்டும், பிடிக்காதவர்கள் மரியாதைக்கு அரைத் தட்டும் சாப்பிடுவார்கள். மார்லிஸ் உருக்கிய வெண்ணெய் ஊற்றும் இடத்தில் நின்றார். தட்டோடு வரிசையில் வந்தது டோரீன் பென்ரோஸ்.

மார்லிஸின் மூளையில் ஒரு மணி அடித்தது. கணவன் மறந்தால் மனைவி ஞாபகப்படுத்தலாமே. தாளில் இருப்பதை வெளியே சொல்லக் கூடாது என்கிற விதி? அதையும் யோசித்தார், அவர் யோசிக்காமல் இருக்கக்கூடியவர் அல்ல. தாளில் ஏதாவது இருந்தால்தானே சொல்லக் கூடாது. அந்தக் கட்டத்தில்தான் ஒன்றுமே இல்லையே. ஒன்றும் இல்லாததை ஒருவரிடம் சொன்னால், சொன்னதும் ஒன்றுமில்லைதானே. அந்தக் கணத்தில் அவருக்கு இது மிகச் சரியாகப் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்கும்.

“டோரீன், உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் புகையிலைக் கேள்விக்கு ஒரு குறி போடச் சொல்லுங்க. அனாவசியமா காசு போகுது.”

டோரீன் தட்டைப் பிடித்தபடி நின்றார். அருகில் வந்தாலே அவரிடம் புதினா மிட்டாய் வாசனை வரும். “எந்தப் புகையிலைக் கேள்வி?” என்றார்.

“வழக்கமா கேக்கறதுதான். வீட்ல யாரும் தொடறதில்லன்னு சொல்லிட்டா பிடிக்க மாட்டாங்க.”

“யாரும்னா, அவரா?”

“திட்டத்துல இருக்கறவங்க எல்லாரும். அவர், நீங்க.” மார்லிஸ் வெண்ணெயைச் சாய்த்தார். “சும்மா ‘இல்லை’ன்னு போட வேண்டியது. காலியா விட்டுடறார்.”

“எப்பவுமே காலியாவா விடறார்?”

இங்கே மார்லிஸ் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தது. கேட்கப்பட்ட கேள்வியைப் பதில் இல்லாமல் விடுவதா?

“இல்லையே. முன்னாடியெல்லாம் முதல் ஆளா ‘இல்லை’ன்னு போட்டுக் குடுத்துடுவார். உங்க அக்கா தவறினாங்க பாருங்க, அந்த வருஷத்துலேர்ந்துதான்...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே தாம் சொல்வது தம் காதிலேயே விழுந்தது. அக்கா இறந்த வருடம். அன்று முதல் இந்தப் புதினா மிட்டாய். ‘இல்லை’ என்று போட்டால் பொய். ‘ஆமாம்’ என்று போட்டால் வீட்டுக்குக் கடிதம் வரும், இரண்டு பேர் பெயரையும் போட்டு. ஹாலிஸ் மறக்கவில்லை. கல்லூரி முழுக்கவும் அந்தத் தாளைக் கவனமாக நிரப்பிய ஒரே மனிதர் அவர்தான்.

வெண்ணெய் மீனைத் தாண்டி, உருளைக்கிழங்கைத் தாண்டி, தட்டின் விளிம்பைத் தாண்டி மேசைவிரிப்பில் போய்க்கொண்டிருந்தது.

“ஓ” என்றார் டோரீன்.

தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். மார்லிஸ் வெண்ணெய்ச் சட்டியைப் பக்கத்தில் நின்றவர் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே போனார். பாத்திரம் கழுவும் தொட்டியில் கையை ஊன்றிக்கொண்டு டோரீன் நின்றிருந்தார்.

“டோரீன், நான்... வாயத் தொறந்திருக்கக் கூடாது. சத்தியமா எனக்கு...”

“அவர் லாரி இருக்கில்ல” என்றார் டோரீன், யாரிடமோ சொல்வதுபோல. “சைலன்சர் ஓட்ட. மேட்டுக்கு அந்தாண்ட வரும்போதே எனக்குக் கேக்கும். ஊருக்கெல்லாம் வண்டி சரி பண்றீங்க, உங்க வண்டிய எப்பங்க சரி பண்ணப் போறீங்கன்னு நான் சண்ட போட்டிருக்கேன். பண்ணுவோம் பண்ணுவோம்னுவார்.”

“அந்தச் சத்தம் கேட்டதும் நான் அணைச்சுட்டு, கைய கழுவிட்டு, நாய் ஷாம்பூவ கொஞ்சம் கொட்டி வெப்பேன். நாத்தம் தெரியக் கூடாதுன்னு. எனக்கு எவ்ளோ சாமர்த்தியம்னு நெனச்சிட்டிருந்தேன்.” டோரீன் சிரித்தார். கண்ணையும் துடைத்துக்கொண்டார். “அவருக்குப் புகை ஆகாது, மார்லிஸ். கல்யாணத்துக்கு முன்னாடியே வாக்குக் குடுத்தேன். அக்கா போனப்ப ஒரே ஒரு வாரம்னுதான் ஆரம்பிச்சேன். அவர் மூஞ்சிக்கு நேரா இத ஒத்துக்கற தைரியம் எனக்கு வரவே இல்ல. கேட்டிருந்தார்னா ஒடஞ்சு போயிருப்பேன்.”

“அவர் கேக்கல.”

“கேக்கல. காசு கட்டிட்டு இருந்திருக்கார்.”

மார்லிஸ் தம் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு நல்ல தகவல் கையில் இருந்தும் சும்மா இருந்தார். புகையை விடுவதற்கான வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டால் அந்தக் கட்டணமே கிடையாது. சேரும் தாள் அவர் காரிலேயே இருந்தது. நாக்கின் நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

“நான் அவர்கிட்ட போய் மன்னிப்புக் கேட்டுடறேன்” என்றார்.

“ஐயையோ, அது மட்டும் வேண்டாம்.” டோரீன் திரும்பினார். “எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சா, அவர் என் மூஞ்சியப் பாக்க வெக்கப்படுவார். நான் அவர் மூஞ்சிய. ரெண்டு பேரும் சாப்பாட்டு மேசைல எங்க பாக்கறது? நானா ஒரு நாள் அவர்கிட்ட சொல்லணும். சொல்லுவேன். அது வரைக்கும் ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்கணும், எல்லாரும்.”

“இருப்பேன். இனிமே அவர் பக்கமே போகமாட்டேன். கேக்கவே மாட்டேன்.”

“கேளுங்க” என்றார் டோரீன்.

“என்ன?”

“நீங்க ஞாபகப்படுத்தறத நிறுத்தினா அவருக்குச் சந்தேகம் வராதா? இத்தன வருஷமா நீங்க நிறுத்தினதே இல்லையே. எப்பவும் போல போங்க. எப்பவும் போல தொந்தரவு பண்ணுங்க.” அவர் கையை எடுத்து மார்லிஸின் கைமேல் வைத்தார். “குறி மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க.”

அந்த ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். அவருடைய கணவர் லீஃப் இரண்டு முறை என்ன ஆயிற்று என்று கேட்டார். இரண்டு முறையும் மார்லிஸ் பதில் சொல்லவில்லை. லீஃப் இதை ஒரு நோயின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு சூப் வைத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமைதான் கடைசி நாள். கடைசி நாளில் மார்லிஸ் பட்டறைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆகவே போனார். எத்தனையோ பேரைப் பனியில் மடக்கிய அந்தக் கால்கள் அன்று தயங்கித் தயங்கி நடந்தன. போகிற வழியெல்லாம் அவர் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: இந்த ஆள் பிடிவாதமாக இருக்க வேண்டும். கொஞ்சமும் இளகக் கூடாது.

ஹாலிஸ் இன்று எஞ்சினுக்கு அடியில் இல்லை. கையைத் துணியில் துடைத்தபடி எதிரிலேயே நின்றார்.

“சும்மா ஒரு ஞாபகத்துக்குத்தான்” என்றார் மார்லிஸ். குரல் தேய்ந்திருந்தது.

“ஒரே நிமிஷ வேலை” என்றார் ஹாலிஸ்.

“ஆமான்னாலும்...” அதற்கு மேல் வரவில்லை.

ஹாலிஸ் அவரை உற்றுப் பார்த்தார். “உடம்பு சரியில்லையா, அம்மணி? மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு.”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“என்னாலதான். வருஷா வருஷம் இந்தக் குளிர்ல அலைய விடறேன். பாக்கவே சங்கடமா இருக்கு.” ஹாலிஸ் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார். “குடுங்க. ஏதோ ஒண்ணப் போட்டுத் தரேன். உங்களுக்கும் நிம்மதி.”

வருடக்கணக்கில் மார்லிஸ் கனவில் கண்ட கை அது. பேனாவுக்காக நீண்ட கை. சட்டைப் பையில் இரண்டு பேனா, நீலமும் கறுப்பும், இரண்டிலும் மை நிறைய.

மார்லிஸ் தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

“அவசரம் ஒண்ணுமில்ல” என்றார்.

அந்தப் பட்டறையில் அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. எந்தக் கட்டடத்திலும் வந்ததில்லை. அது எப்படி ஒலிக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கவில்லை.

“இன்னிக்குத்தானே கடைசி நாள்?” என்றார் ஹாலிஸ்.

“ஆமா. ஆனா... கைல பேனா இல்ல.”

ஹாலிஸின் பார்வை மெல்ல இறங்கி அவர் சட்டைப் பையில் நின்றது. நீலம். கறுப்பு. பிறகு மேலே வந்து அவர் முகத்தில் நின்றது. எஞ்சின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுகிறவர் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல நின்றார்.

“சனிக்கெழம மீன் நல்லா இருந்துச்சா?” என்றார் கடைசியில்.

“வழக்கம் போலத்தான்.”

“டோரீன் சாப்பிடாமலே வந்துட்டா. வந்து எனக்கு ஆப்பிள் பை பண்ணிக் குடுத்தா. எதுக்குன்னு சொல்லல.” துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கையை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார். “நானும் கேக்கல.”

“கேக்காதீங்க” என்றார் மார்லிஸ், மிக மெதுவாக. பிறகு தாம் சொன்னதை நினைத்துப் பயந்துபோய், “அதாவது, பை நல்லா இருந்தா கேக்க என்ன இருக்கு” என்று சேர்த்தார்.

“ரொம்ப நல்லா இருந்துச்சு.” ஹாலிஸ் எஞ்சின் பக்கம் திரும்பினார். “அப்ப அடுத்த வருஷம் பாத்துக்கலாம், அம்மணி. மறக்காம வந்து ஞாபகப்படுத்துங்க.”

மார்லிஸ் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, மாநிலத் தலைமையிடத்துக்கு அனுப்ப வேண்டிய பட்டியலைத் திரையில் திறந்தார். தோளுக்குப் பின்னாலிருந்து கோர்டி எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணு காலியா இருக்கே. ஹாலிஸா? உன்ன இன்னிக்கும் ஏமாத்திட்டானா?”

“ஏமாத்தல.”

“பின்ன? கட்டம் காலியா இருக்கே.”

“காலி இல்ல, கோர்டி” என்றார் மார்லிஸ். “வழக்கம் போலப் பிடிச்சுக்கோ.” அனுப்பும் பொத்தானை அழுத்தினார். கோர்டி கையில் காபியோடு அப்படியே நின்றுவிட்டார். காபி ஆறிய பிறகுதான் உட்கார்ந்தார்.

மார்லிஸ் திருந்திவிட்டார் என்று முடித்தால் உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். இல்லை. அடுத்த நவம்பரிலும் மஞ்சள் தாள் வந்தது, இளஞ்சிவப்புத் தாள் வந்தது, மிட்டாய் வந்தது, வரலாற்று ஆசிரியருக்கு இரண்டாவது பேரன் பிறந்துவிட்ட செய்தி எட்டியதும் அவருக்குத் தொலைபேசி அழைப்பும் போனது. எல்லாரையும் மடக்கினார். ஒரே ஒருவரிடம் மட்டும், உலகத்திலேயே மிக மோசமாக ஞாபகப்படுத்தும் பெண்மணியாக, பேனா இல்லாமல் போய் நின்றார்.

சரி. டோரீன் பிறகு கணவரிடம் சொன்னாரா, சிகரெட்டை விட்டாரா, அவருக்குத் தெரிந்துபோனது ஹாலிஸுக்குத் தெரியுமா, அந்த லாரியின் சைலன்சர் கடைசியில் சரியானதா என்று இப்போது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் போல இருக்கிறதா? முந்தைய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறீர்களா, எங்காவது சொல்லிவிட்டு நீங்கள் கவனிக்காமல் விட்டுவிட்டீர்களோ என்று? எங்கும் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை. அது கொஞ்சம் உறுத்துகிறது என்றால், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த இனத்தோடு உங்களுக்கு ஏதாவது உறவு உண்டா என்று உங்கள் வீட்டில் இருப்பவர்களை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால், தயவுசெய்து, இரண்டாவது முறை கேட்காதீர்கள்.